மருமகளுக்கு எடுங்க: தாம்பரத்தில் சில நாட்கள்

தாம்பரத்தில் எனக்கு முதலில் கிடைத்தது டாக்டர் பட்டம். தோளில் ஒரு பையும் கையில் தெர்மோகோல் பெட்டியுமாக ரயில் நிலையத்தின் மேற்கு வாசலில் நின்றவளிடம் ஸ்டெல்லா கேட்ட முதல் கேள்வி, "நீங்கதான சிங்கப்பூர் டாக்டரு?"

"டாக்டர் இல்லை. ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியன்."

"அத இங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க மேடம். டாக்டர்னாதான் கைய நீட்டுவாங்க. டெக்னீஷியன்னா டிவி ரிப்பேரான்னு கேப்பாங்க."

ஸ்டெல்லா மேற்குத் தாம்பரத்தில் ஒரு சிறிய கிளினிக்கில் நர்ஸ். ஊசி குத்துவது அவர் வேலை. ரத்தக் குழாய்களுக்கு எண் போட்டு, பெட்டியில் அடுக்கி, கெடுவதற்குள் சிங்கப்பூர் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. சென்னை என்று பெயர் மாறிய புதிது. கடைப் பலகைகளில் பாதி இன்னும் மெட்ராஸ் என்றே இருந்தன. எங்கள் ஊரில் இப்படி ஒரு மாற்றம் வந்தால் மறுநாள் காலையில் பழைய பலகை ஒன்றுகூட மிஞ்சாது என்று நினைத்துக்கொண்டேன். ஊர்ப்பெருமை என்பது விமான நிலையத்தில் கழற்றி வைத்துவிட்டு வரக்கூடிய பொருள் அல்ல.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் எங்கள் ஆய்வுக்கூடம் ஒரு தமிழ்க் குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்துவந்தது. அந்தக் குடும்பத்தில் சிலருக்கு ஒரே மாதிரி நோய். சில வாரங்கள் தூக்கமே தேவைப்படாத உற்சாகம், அளவில்லாத திட்டங்கள், ஓயாத பேச்சு. பிறகு எழுந்து பல் துலக்கக்கூட முடியாத சோர்வு. அப்போது மேனிக் டிப்ரஷன் என்றார்கள். இப்போது இருமுனைக் கோளாறு என்று எழுதுகிறார்கள். இந்த நோய் குடும்ப வழியாக வருகிறது என்பது தெரியும், எந்த மரபணு வழியாக என்பதுதான் தெரியாது. தேட வேண்டுமானால் ஒரே குடும்பத்தில் நோய் வந்தவர், வராதவர் என்று பலருடைய ரத்தம் வேண்டும். அந்தக் குடும்பத்துப் பெரியவரின் உடன்பிறந்தவர்களுடைய குடும்பங்கள் தாம்பரம் பக்கம் இருந்தன.

என் பையில் அந்தக் குடும்பத்தின் வரைபடம் இருந்தது. ஆண் சதுரம், பெண் வட்டம், நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு. யார் கறுப்பு, யார் வெள்ளை என்பதை யாரிடமும் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். சொந்தக்காரர்களிடம் சொல்லவே கூடாது.

முதல் நாள் காலையில் ஸ்டெல்லா என்னை நிலையத்துக்கு எதிரே ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப்போனார். இட்லியோடு வடகறி வந்தது. கடலைப்பருப்பு வடையை உதிர்த்துப் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் இட்லிக்குச் சாம்பார், சட்னி என்று பழகிய எனக்கு இது இவ்வளவு நாள் மறைத்துவைக்கப்பட்ட செய்தி மாதிரி இருந்தது. இரண்டாவது தட்டு கேட்டேன். அது வருவதற்குள் ஸ்டெல்லா விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"மேடம், அந்த ராஜமாணிக்கம் சார் வூட்டு மருமவ ஜெயந்தி கீதே, அத பொறந்த வூட்டுக்கே அனுப்பிடப் போறாங்க. வக்கீல பாத்தாச்சு. நீங்க வரணும்னுதான் நிறுத்தி வச்சிகினு கீறாங்க."

"நான் எதற்கு?"

"ரத்தத்த பாத்து யாரு வூட்டு வழின்னு சொல்லுவீங்களாமே? பொண்ணு வூட்டு வழின்னு நீங்க எழுதிக் குடுத்துட்டா, மறைச்சுக் கட்டிக் குடுத்தாங்கன்னு கேஸ் போட்டு அறுத்து வுட்டுடலாம்னு கணக்கு. கொழந்த ஒண்ணு கீது, யூகேஜி படிக்குது. அது மட்டும் இங்க இருக்கணுமாம்."

"அப்படி ஒரு பரிசோதனையே கிடையாதே! யார் சொன்னது?"

எங்களுக்காக இங்கே ஏற்பாடுகள் செய்துகொடுத்த டாக்டர்தான் சொன்னாராம். ரத்தம் கொடுத்தால் நோய் யார் பக்கத்திலிருந்து வந்தது என்று சிங்கப்பூரில் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று சொன்ன பிறகுதான் ராஜமாணிக்கம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாராம். 'குடும்பத்தினர் முழு ஒத்துழைப்புத் தருகிறார்கள்' என்று அந்த டாக்டர் எங்களுக்கு எழுதியிருந்தது இதைத்தான். இரண்டாவது தட்டு இட்லி வந்தது. அதை அப்படியே வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் வந்தால் முதலில் பசி போகும்.

சாயங்காலம் ஆட்டோவில் முடிச்சூர் சாலைப் பக்கம் போனோம். வயலாக இருந்த இடங்களில் வெள்ளை அடித்த கற்களை நட்டு மனை பிரித்திருந்தார்கள். ஒரு கல்லில் மாடு முதுகு சொறிந்துகொண்டிருந்தது. வழியில் ஆட்டோவின் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்துபோக, ஓட்டுநர் அதன் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, குதிரையின் கடிவாளத்தை இழுப்பது மாதிரி இழுத்து இழுத்தே எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ராஜமாணிக்கம் ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். தும்பைப்பூ வேட்டி, நெற்றியில் பட்டை, பேச்சில் மரியாதை. எங்கள் சிங்கப்பூர் குடும்பத்துப் பெரியவருடைய தம்பி. "வாங்கம்மா, வாங்க. அண்ணன் எப்படி இருக்காரு?" என்று விசாரித்தார். பன்னீர் சோடா வரவழைத்தார். அவர் மனைவி கமலா மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார். மகன் சேகர் மறைமலைநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர், அப்போதுதான் வந்து சட்டையைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தார். உபசாரங்களில் குறையே இல்லை. அதனால்தான் அடுத்த வார்த்தை அப்படி உறைத்தது.

"மருமகளுக்கு எடுங்க," என்றார் ராஜமாணிக்கம், கடைக்காரரிடம் புடவை எடுக்கச் சொல்கிற குரலில். "ஜெயந்தி! வந்து கைய நீட்டு."

"எங்களுக்கு இந்தக் குடும்பத்தில் பிறந்தவர்களுடைய ரத்தம் வேண்டும், ஐயா. முதலில் நீங்கள். பிறகு உங்கள் மகன்."

"எங்களுக்கு எதுக்கும்மா? எங்க வம்சத்துல யாருக்கும் ஒண்ணும் கிடையாது. வந்தது இவளாலதான். பாப்பா பொறந்து மூணாம் மாசம் பீரோவத் தொறந்து, இருக்கற பொடவையெல்லாம் தெருவுல போறவங்களுக்கு எடுத்துக் குடுத்துட்டா. அப்புறம் பாத்தா படுத்த படுக்கை. எங்க வூட்டுல இப்பிடி உண்டா?"

அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஜெயந்தி வாசற்படியில் நின்றிருந்தார். முப்பதுக்குள் வயது. ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, ஒழுங்காகக் குணமாகியிருந்தார். வீடு முழுக்க அவர் கையால் துடைத்துவைத்தது போல இருந்தது. நாளை வருகிறோம், நாளை மறுநாள் வருகிறோம் என்று ஏதோ சொல்லி எழுந்தேன். கை கழுவப் பின்பக்கம் போனபோது ஜெயந்தி தண்ணீர் ஊற்றினார்.

"ரிசல்ட் வர எத்தனை நாளாகும்க்கா?"

"தனி ஆளுக்கு ரிசல்ட் என்று எதுவும் வராது. இது வெறும் தேடல்தான்."

அவர் சொம்பை நிமிர்த்திவிட்டார். "வராதுன்னு அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. அது வர வரைக்குமாவது பாப்பாகூட இருப்பேன்."

மறுநாள் கூடுவாஞ்சேரி. நோய் வந்தவர் மருமகளானாலும், ஒப்பிட்டுப் பார்க்க அவர் பிறந்த வீட்டு ரத்தமும் எங்கள் பட்டியலில் இருந்தது. அங்கே ஜெயந்தியின் அண்ணன் முருகேசன் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்ததும் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் அழைத்துப்போனார். தங்கையைப் பற்றிக் கேட்டதும் குரல் உயர்ந்தது.

"எங்க வூட்ல யாருக்குமே கெடையாது மேடம். நல்லா இருந்த பொண்ணு. அந்த வூட்டுக்குப் போயிதான் இப்பிடி ஆச்சு. அவங்க வூட்டு ராசி அது." பிறகு உள்ளே திரும்பி, "ஏ, இங்க வா, டாக்டரம்மா வந்துகீறாங்க. உனக்கு ரத்தம் எடுக்கணுமாம்."

வந்தது அவர் மனைவி. மாவு பிசைந்த கை. எதற்கு என்றுகூடக் கேட்காமல் முந்தானையில் துடைத்து நீட்டிவிட்டார். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா முருகேசனைப் பார்த்தார்.

"இன்னாண்ணா, பொண்டாட்டி கைன்னா ஊசி, உன் கைன்னா உசிரா? உக்காரு."

"எனக்கு ஊசின்னா ஆவாது சிஸ்டர்."

"நாள் பூரா டியூப்ல ஆணி எடுக்கற ஆளு நீ. இப்ப உன்கிட்ட ஒரு ஊசி. கண்ண மூடிக்கோ."

அவர் மனைவி முதல்முறையாகச் சிரித்தார். முருகேசன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கொடுத்தார். ஸ்டெல்லா பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தபோது, வழக்கமான கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். அம்மா பெயர், உயிரோடு இருக்கிறாரா, அவருக்கு உடன்பிறந்தவர்கள் யார்.

"எங்கம்மா செத்துப் பத்து வருஷம் ஆவப்போவுது. கூடப் பொறந்தவங்க ரெண்டு பேரு. பெரிய மாமா சிங்கப்பூர்ல. சின்ன மாமாதான் உங்களுக்குத் தெரியுமே, ராஜமாணிக்கம் மாமா."

பேனா நின்றுவிட்டது.

எங்கள் வரைபடத்தில் ஜெயந்தி இரண்டு இடத்தில் இருந்தார். சேகருடைய மனைவியாக, வெளியிலிருந்து வந்தவராக, உள்ளே கறுப்பு அடித்த ஒரு வட்டம். சிங்கப்பூர் பெரியவருடைய தங்கை மகளாக, 'பெயர் தெரியவில்லை' என்ற குறிப்போடு வேறொரு வட்டம். ஒரே பெண். சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. மகன் வீட்டைப் பற்றிக் கேட்டால் மருமகள் என்று சொன்னார்கள். தங்கையைப் பற்றிக் கேட்டால், கட்டிக்கொடுத்தாயிற்று, அது வேறு வீடு என்று நிறுத்திவிட்டார்கள். அத்தை மகளைக் கட்டுவது எங்கள் ஜனங்களுக்குப் புதிதல்ல, என் பெற்றோரே அப்படித்தான். பட்டம் பெற்ற நாங்கள் இத்தனை பேர் அந்தத் தாளை மாதக்கணக்கில் பார்த்திருக்கிறோம். ஒருவருக்காவது தோன்றியதா?

திரும்பும் ரயிலில் பெண்கள் பெட்டியில் நிற்க இடமில்லை. பெட்டியை மார்போடு அணைத்து நின்றேன். சிங்கப்பூர் ரயிலில் கதவு மூடினால்தான் வண்டி நகரும். இங்கே கதவு என்பது காற்று வாங்கும் இடம். வண்டலூர் தாண்டி வண்டி நின்றுவிட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வேர்க்கடலை விற்பவர் மட்டும் சந்தோஷமாக இருந்தார். எனக்குப் பெட்டிக்குள் ஐஸ் உருகும் கவலை.

"இன்னாம்மா பொட்டி? குச்சி ஐஸா?" என்றார் பூக்கூடை வைத்திருந்த ஓர் அம்மாள்.

"ரத்தம்," என்றார் ஸ்டெல்லா, கடலையை உரித்துக்கொண்டே.

ஒரு முழு இருக்கை காலியானது. தாம்பரம் வரை உட்கார்ந்துகொண்டு வந்தோம். நிலையத்துக்கு வெளியே மீன் விற்பவரிடம் ஒரு கூடை ஐஸ் வாங்கிப் பாலித்தீன் பையில் கட்டி வைத்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தின் விதிமுறைகளில் மீன் ஐஸ் பற்றி எதுவும் இல்லை. அன்றிரவு முழுக்க என் அறையில் வஞ்சிர வாசனை.

அறைக்குப் போவதற்கு முன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் மேலாளரை அழைத்தேன். அந்தப் பெண்ணுக்கு நடக்கப்போவதைச் சொன்னேன். கண்ணாடிக் கூண்டுக்குள் கட்டணத்தின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னார்: நோய் வந்தவருடைய ரத்தம் மிக முக்கியம், அதை மறக்காமல் எடுத்துவிடு, குடும்ப விவகாரங்களில் தலையிடாதே. அந்தக் குடும்ப விவகாரத்துக்குள் எங்களை இழுத்துவிட்டது எங்கள் ஆள்தான் என்றேன். இணைப்புச் சரியில்லை என்றார். எனக்கு மிகத் தெளிவாகவே கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ராஜமாணிக்கம் வீட்டில் விருந்து. மீன் குழம்பு, வறுவல், ரசம், அப்பளம். மீன் குழம்பில் மாங்காய் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு குழம்பை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை. சமைத்தது ஜெயந்தி, பரிமாறியதும் அவரே. தீர்ப்புச் சொல்ல வந்தவளாக என்னை நினைத்திருக்கிறார்கள், தண்டனை பெறப்போகிறவர் கையால் எனக்குச் சோறு. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்கக்கா" என்று அவர் சொன்னபோது நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சாப்பிட்டதும் கூடத்தில் கூடினோம். ராஜமாணிக்கம் நாற்காலியில், சேகர் சுவரோரம் தரையில், கமலா வெற்றிலைத் தட்டோடு. கூடுவாஞ்சேரியிலிருந்து வரவழைக்கப்பட்டிருந்த முருகேசன் கதவருகே. சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம். குழந்தை பக்கத்து வீட்டில்.

"டாக்டரம்மா, நேரா விஷயத்துக்கு வரேன். வக்கீல் ஒரு லெட்டர் கேட்டுகினு இருக்காரு. எப்ப தருவீங்க?"

முந்தைய இரவே மனதில் அடுக்கிவைத்ததைச் சொன்னேன். நான் டாக்டர் இல்லை. இந்த ரத்தத்தில் நோய் யார் வழி என்று பார்க்கும் பரிசோதனை உலகத்தில் எங்கேயும் இல்லை. உங்களிடம் அப்படிச் சொன்னது தவறு, அதற்காக எங்கள் தரப்பில் மன்னிப்புக் கேட்கிறேன். இதைக் கேட்ட பிறகு ரத்தம் கொடுக்க விருப்பமில்லை என்றால் கொடுக்கவேண்டாம்.

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. சொல்லாதீங்க என்று ஜெயந்தி வேண்டிக்கொண்டதையே சொல்லிவிட்டேன் என்பது எனக்குத் தெரியும். பொய்யில் அவருக்குச் சில வாரங்கள் கிடைத்திருக்கும், அவ்வளவுதான்.

"தெரியாதுன்னு சொல்றதுக்கா சிங்கப்பூர்லேர்ந்து வந்தீங்க?" என்று ராஜமாணிக்கம் சிரித்தார். "சரி, ரத்தம் கிடக்கட்டும். எங்க வம்சத்துல இல்ல, அவங்க வம்சத்துல இருக்கு. அத்த ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. நீங்க தமிழ் பேசறது நியூஸ் வாசிக்கற மாதிரி கீது. வக்கீலு நம்புவாரு."

"எழுத மாட்டேன். வேண்டுமானால் உங்கள் வம்சத்தை வரைந்து காட்டுகிறேன். நீங்களே சொல்லுங்கள்."

பையிலிருந்த வரைபடத்தை எடுக்க முடியாது, அதில் சிங்கப்பூர்க்காரர்களின் கறுப்பும் வெள்ளையும் இருந்தன. எழுத ஏதாவது கேட்டேன். கமலா எழுந்து போய்க் கோலக் கட்டியைக் கொண்டுவந்தார். சிவப்புச் சிமெண்டுத் தரை. உட்கார்ந்தேன்.

"நாங்க சொல்றது அண்ணனுக்குப் போவாதே?" என்று கேட்டார் ராஜமாணிக்கம்.

"போகாது. அவரைப் பற்றி உங்களிடமும் சொல்ல மாட்டேன், உங்களைப் பற்றி அவரிடமும் சொல்ல மாட்டேன்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்தார். மேலே அவருடைய அப்பா, ஒரு சதுரம். அம்மா, ஒரு வட்டம். கீழே அண்ணன், அவர். "அவ்ளோதான்," என்றார்.

"தங்கை?"

"அது கட்டிக் குடுத்தாச்சேம்மா. அது அவங்க வூடு."

"யாருக்குப் பிறந்தார்?"

"எங்கப்பாவுக்குத்தான்."

தங்கைக்கு ஒரு வட்டம் போட்டு மேலே கோடு இழுத்தேன். தங்கைக்குக் கீழே முருகேசன். அவருக்குப் பக்கத்தில் ஜெயந்தி. ராஜமாணிக்கத்துக்குக் கீழே சேகர். சேகரையும் ஜெயந்தியையும் கல்யாணக் கோட்டால் இணைத்தபோது, இரண்டு பக்கத்திலிருந்தும் கோடுகள் ஏறிப்போய் அதே ஒரு சதுரத்தில் முட்டின. முதலில் புரிந்துகொண்டது கமலாதான். வெற்றிலையை வாயருகே பிடித்தபடி நின்றுவிட்டார்.

"நான் எங்க கீறேன் இதுல?"

ராஜமாணிக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். மேலே எந்தக் கோடும் இல்லாத வட்டம்.

"அப்ப இந்தப் படத்துல வெளியாளு நான் ஒருத்திதானா?" என்றார். "இவ வந்த நாள்லேர்ந்து எங்கேர்ந்தோ வந்தவ, எங்கேர்ந்தோ வந்தவன்னு இவளப் பேசிகினு கீறோம்!"

"நீ சும்மா இரு."

"இன்னா சும்மா இரு? நான் கட்டிகினு வந்த புதுசுல உங்கப்பா இன்னா பண்ணாரு? ராவும் பகலும் தூங்காம அடுத்தவன் நெலத்துல கெணறு வெட்டினாரு. வூடு பூரா நீலம் அடிச்சாரு. கோயிலுக்கு பேண்டு செட்டு வாங்கிக் குடுத்தாரு. டீ போட்டுப் போட்டு நான் ஓய்ஞ்சேன். அப்புறம் செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிகினு படுத்தவரு, ஆடி போயி தை வந்தப்புறம்தான் எழுந்தாரு. இவளும் அதே மாதிரிதான படுத்தா? அதே செவுத்தப் பாத்துதான?"

"அப்பாவுக்குப் பெரிய மனசு. தாராளம்."

"அவரு கெணறு வெட்டினா தாராளம். இவ பொடவை குடுத்தா பைத்தியமா?"

நான் சொல்லவேண்டியதை எல்லாம் அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் நோய் குடும்பத்தில் இருந்தால் வரும் வாய்ப்புக் கூடும், எல்லோருக்கும் வந்தே தீரும் என்றில்லை, வந்தவர் மருந்தோடு நன்றாக வாழலாம், இதில் யாருடைய குற்றமும் இல்லை என்று சொல்லி வைத்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேகர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஸ்டெல்லா பக்கம் நகர்ந்தார். "எனக்கு எடுங்க சிஸ்டர்." பிறகு, தந்தையைப் பார்க்காமல், "வழின்னு பாத்தா நானும் அந்த வழிதாம்பா. பாப்பா ரெண்டு பக்கமும் அந்த வழி. இவள அனுப்பணும்னா மூணு பேரும் போறோம். வக்கீல்கிட்ட நான் வரலன்னு சொல்லிடுங்க."

நல்ல வார்த்தை. அதைச் சொல்ல அவருக்கு ஒரு கோலக் கட்டி தேவைப்பட்டது என்பதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அத்தை மகள் என்று தெரிந்துதானே தாலி கட்டினார்?

ஜெயந்தி ஈரக் கையோடு வந்து நின்றார். "நான் எந்த வட்டம்க்கா?" காட்டினேன், நோய் வந்தவர்களுக்கு உள்ளே நிரப்புவோம் என்றும் சொன்னேன். குனிந்து என் கையிலிருந்து கட்டியை வாங்கித் தன் வட்டத்தை உள்ளே முழுக்க வெள்ளையாக நிரப்பினார். பிறகு உச்சியிலிருந்த சதுரத்துக்குப் போய், நிதானமாக, மூலை மிச்சமில்லாமல் நிரப்பினார். ராஜமாணிக்கத்தின் சதுரத்தருகே வந்ததும் நிறுத்தி, கட்டியை அவரிடம் நீட்டினார்.

"உங்களத நீங்கதான் சொல்லணும் மாமா."

"எனக்கு இன்னா? எனக்கு ஒண்ணும் கெடையாது."

"ரயில்வேல அர வருஷம் லீவு போட்டுட்டுப் படுத்தீங்களே," என்றார் கமலா மெதுவாக.

"அது முதுகு வலி."

"முதுகு வலிக்கா அழுதீங்க?"

ராஜமாணிக்கம் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தோடு வேறு ஏதோ கலந்தது. அதை நான் விரும்பவில்லை.

"அப்ப ரத்தமாவது குடுங்க," என்றார் ஜெயந்தி. "எனக்கும் எடுக்கட்டும். ஆனா நீங்க முதல்ல. எல்லார் எதுர்லயும். அப்புறம் நான்."

ராஜமாணிக்கம் எழுந்தார். பிரஷர் இருக்கிறது என்றார். நாளைக்குப் பார்க்கலாம் என்றார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெயந்தி கையை நீட்டவில்லை.

கிளம்பும் நாள் காலையில் ஸ்டெல்லாவும் நானும் மறுபடி அங்கே போனோம். மேலாளர் பூத்துக்கே தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த ரத்தம் இல்லாமல் வராதே என்று சொல்லியிருந்தார். வழியில் ஸ்டெல்லா பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார். பசி திரும்பியிருந்தது.

வாசலில் ஜெயந்தி குழந்தைக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். கை நீட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. மேலாளர் விருப்பத்தை மட்டும் சொன்னேன். "அவரு குடுத்தா நானும் குடுக்கறேன்க்கா. அதுவரைக்கும் உங்க டியூபு காலியாவே இருக்கட்டும்" என்றார். எடுத்துவரவேண்டியவற்றில் மிக முக்கியமான இரண்டு குழாய்களும் காலியாகவே சிங்கப்பூர் வந்தன. மூடிகூடத் திறக்காமல் அவற்றை அலமாரியில் வைத்தேன். ஏன் என்று மேலாளர் கேட்டபோது, இணைப்புச் சரியில்லை என்றேன்.

அன்று கிளம்புமுன் கூடத்துத் தரையில் படத்தைத் தேடினேன். ஒன்றும் இல்லை, அலசாத துணியால் துடைத்த ஈரத் திட்டு மட்டும்.

"நீங்க போனதும் மாமா அவரே துடைச்சாரு. இந்த வூட்டுல அவரு துணியத் தொட்டு நான் பாத்ததே இல்ல. நேத்து துடைச்சாரு, மறுபடி தெரியுதுன்னு காலையில ஒரு வாட்டி துடைச்சாரு," என்றார் ஜெயந்தி.

பேசிக்கொண்டிருந்தபோதே ஈரம் உலர உலர, சிவப்புத் தரையில் ஒரு வெள்ளைச் சதுரம் மங்கலாகத் தலைகாட்டியது. பிறகு அதிலிருந்து இறங்கும் மூன்று கோடுகள்.

"காஞ்சா வரும்னு அவருக்குத் தெரியல," என்று குழந்தையின் பையைத் தோளில் மாட்டினார். "ஒரு நாளாவது தர துடைச்சிருந்தாத்தான தெரியும்?"